நிறுத்திய காருக்குள் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் எந்த அபார்ட்மென்ட் பேஸ்மென்டுக்குப் போனாலும் ராத்திரி எட்டு மணி வாக்கில் இரண்டு மூன்று கார்களிலாவது செல்போன் வெளிச்சத்தில் ஒரு முகம் தெரியும். வண்டி நின்றிருக்கும், ஆள் இறங்கியிருக்க மாட்டார். இதைப் பற்றி அசோசியேஷன் கூட்டத்திலும் பேட்டரிக் கடையிலும் வீட்டுக்குள்ளும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றைத் தொகுத்திருக்கிறோம்.

வீடு மேலேதானே இருக்கு, லிஃப்ட் ஏறினா ஆச்சு. அப்புறம் ஏன் கீழே கார்லயே உட்கார்ந்திருக்காங்க?

இந்த ஊரில் நிறையப் பேருக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே அறை கார்தான். இரண்டு படுக்கையறை வீட்டில் அப்பா அம்மா ஒரு அறை, பிள்ளைகள் ஒரு அறை, ஹாலில் டிவி. பேயிங் கெஸ்ட்டில் இருப்பவருக்கு ஒரே அறையில் மூன்று கட்டில். குளியலறையில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டுவார்கள். காரை யாரும் தட்டுவதில்லை.

இன்னொரு காரணம், இந்த ஊரில் வண்டி ஓட்டுவதே ஒரு வேலை. சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரை கிளட்சை மிதித்து மிதித்து வந்தவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் ஓய்வுக் கணக்கில் சேராது. ஆபீஸில் ஒரு ஆள், வீட்டில் வேறு ஆள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற இடைவெளி வேண்டும். வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தினமும் நடக்கும் இந்தச் சின்ன மாற்றங்களை பிளேக் ஆஷ்ஃபோர்த் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2000-இல் எழுதிய கட்டுரையில் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். வேலையை மனத்திலிருந்து கழற்றி வைக்க முடிகிறவர்களுக்குக் களைப்பு குறைவு என்பதை சபீனே சோனென்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். நம் ஊரில் இந்த வேலையைத் திண்ணை பார்த்தது. வெளியிலிருந்து வந்தவர் கால் கழுவி, துண்டால் முகம் துடைத்து, கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஃபிளாட்டில் திண்ணை கிடையாது.

காலையில ஆபீஸ் பார்க்கிங்லயும் இப்படித்தான் உட்கார்ந்திருக்காங்க. அது எதுக்கு?

அது வேறு கணக்கு. அவுட்டர் ரிங் ரோட்டில் ஏழு மணிக்குக் கிளம்புகிறவர் முக்கால் மணியில் வந்துவிடுவார். எட்டரைக்குக் கிளம்பினால் அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். சீக்கிரம் வந்து, மிச்ச நேரத்தை வண்டிக்குள் தூங்கியோ டிபன் பாக்ஸைத் திறந்தோ கழிக்கிறார்கள். சாயங்காலம் போக்குவரத்து வடியட்டும் என்று உட்கார்ந்திருப்பதும் இதே கணக்குதான்.

என் வீட்டுக்காரர் தினமும் வண்டியை நிறுத்திட்டு இருபது நிமிஷம் கழிச்சுதான் மேல வர்றார். எதையாவது மறைக்கிறாரா?

உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மறைக்க நினைப்பவர் வீட்டுக்குக் கீழே, பக்கத்து வீட்டுக்காரர் நடமாடும் பேஸ்மென்டில் வந்து மறைக்க மாட்டார். பெரும்பாலும் பாதியில் நிற்கும் ஒரு போன் கால், கிரிக்கெட் ஸ்கோர், ஊரில் இருக்கும் அம்மாவிடம் பணம் பற்றிய பேச்சு, அல்லது எதுவுமே இல்லாத ஒரு சும்மா.

எரிச்சல் வருவது உட்காருவதால் அல்ல, சொல்லாமல் உட்காருவதால். மேலே ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோசைக்கல் முன்னால் நிற்கிறார். கேட்டைத் தாண்டி வண்டி வந்ததை செக்யூரிட்டி ஆப் காட்டிவிடுகிறது. அப்போது அந்த இருபது நிமிடம் இருவருக்கும் பொதுவான நேரத்திலிருந்து எடுத்ததுதான். ‘வந்துட்டேன், கால் மணியில் மேலே வரேன்’ என்று ஒரு வரி அனுப்பினால் பாதிச் சண்டை குறையும். மேலே இருப்பவருக்கும் தினமும் அதே அளவு தனி நேரம் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மீதிப் பாதி.

நான் பொம்பளை. எனக்கும் பத்து நிமிஷம் அப்படி உட்காரணும்னு இருக்கு. ஆனா பேஸ்மென்ட்ல தனியா பயமா இருக்கே?

பெண்கள் உட்காரும் இடம் பெரும்பாலும் வேறு: டியூஷன் வாசல், சூப்பர் மார்க்கெட் பார்க்கிங், பள்ளி விடும் நேரத்துத் தெரு. ஆள் நடமாட்டம் இருக்கும், காத்திருக்கக் காரணமும் இருக்கும். பேஸ்மென்டைவிட அதுவே நல்லது.

எங்கே இருந்தாலும் வண்டியின் முகம் வெளியே போகும் பக்கம் பார்த்திருக்கட்டும். ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தினால் கிளம்ப ஒரே அசைவு போதும். ஏறியவுடன் நான்கு கதவும் லாக். தூணுக்குப் பின்னால் வேண்டாம், கேமராவும் விளக்கும் இருக்கும் இடம் வேண்டும். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டாம். உள்விளக்கைப் போட்டால் வெளியிலிருப்பவருக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் அதை அணைத்து வையுங்கள். அவசரத்துக்கு 112.

எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பாட்டு மட்டும் கேட்டா பேட்டரி போயிடுமா?

பாட்டு மட்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கவலை இல்லை. சின்ன பெட்ரோல் காரில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். மியூசிக் சிஸ்டம் திரையோடு சேர்ந்து சுமார் 3 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். ஹாலஜன் ஹெட்லைட்தான் எமன்: ஒவ்வொன்றும் 55 வாட், இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இரண்டு மணி நேரம் மறந்து விட்டால் பாதி பேட்டரி காலி. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் அதைவிட மோசம்.

இந்தக் கணக்கெல்லாம் புது பேட்டரிக்கு. மூன்று வருடம் தாண்டிய பேட்டரியில் எழுதியிருக்கும் அளவில் பாதிதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்ட் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எஞ்சின் அணைந்து சற்று நேரம் ஆனபின் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே போனால் பாட்டை நிறுத்துங்கள். அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுளே குறையும்.

சாவி இருக்கும் வண்டியில் சாவியைத் திருப்பும் முதல் கட்டத்தோடு நிறுத்துங்கள். இரண்டாம் கட்டத்துக்குப் போனால் மீட்டர் விளக்குகளும் எஞ்சினின் மின் பாகங்களும் சேர்ந்து இழுக்கும். பொத்தான் வண்டியில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் அதே முதல் கட்டம்தான். இன்னொரு விஷயம், செலவழித்ததைத் திருப்பிப் போட அரை மணி நேர ஓட்டமாவது வேண்டும். வீட்டிலிருந்து ஸ்கூல் வரை இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார் அந்தக் கடனை அடைப்பதே இல்லை.

அப்படியும் செல்ஃப் எடுக்கலைன்னா?

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ என்றால் டெர்மினல் தளர்வு அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார். விளக்கெல்லாம் பிரகாசமாக எரிந்து சத்தமே இல்லையென்றால் கிளட்சை முழுக்க மிதித்தீர்களா, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக்கு ஆள் கூப்பிட்டு வரவழைத்த பிறகு இது தெரியவந்தால் அசடு வழிய நேரும்.

பேட்டரிதான் என்றால் இன்னொரு காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டும் ஆஃபில் இருக்க வேண்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறு முனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு கேபிள் முதலில் நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையை இறங்கிய வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியின் மேலேயே மாட்டினால் கிளம்பும் பொறி, அங்கே கசியும் ஹைட்ரஜனைப் பற்றவைக்கலாம். நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதை முயலுங்கள். கழற்றும்போது மாட்டிய வரிசைக்குத் தலைகீழாக.

தள்ளி ஸ்டார்ட் செய்வது கியர் வண்டிக்கு மட்டும். பேஸ்மென்டின் சரிவில் இறக்கி முயலவே வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகியிருக்கும், எதிரே தூண் இருக்கும்.

ஏசி போட்டுட்டு உட்கார்ந்தா எவ்வளவு பெட்ரோல் போகும்?

1.2 லிட்டர் எஞ்சின் என்றால் நின்ற இடத்தில் ஏசியோடு மணிக்கு 0.6 முதல் 1 லிட்டர் வரை. இருபது நிமிடத்துக்கு 200 முதல் 330 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் நாளுக்கு இருபது, முப்பது ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் போட்டால் 500 முதல் 800 ரூபாய் வரை ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் தீரும். ஆனால் எஞ்சினை நிறுத்தச் சொல்வதற்கு முக்கியக் காரணம் பணம் அல்ல, அடுத்த கேள்வி.

பேஸ்மென்ட்ல எஞ்சின் ஓடவிட்டு உட்காரலாமா?

கூடாது. ஐந்து நிமிடமானாலும் வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு அசதி. ஆபீஸ் முடித்து வருகிறவருக்கு இவையெல்லாம் ஏற்கெனவே இருப்பதால் வித்தியாசம் தெரியாது. ‘கொஞ்சம் கண்ணசரலாம்’ என்று தோன்றுவதே அதன் வேலையாக இருக்கலாம்.

பேஸ்மென்டில் பெரிய காற்றுக்குழாயும் ஃபேனும் இருக்கிறதே என்பார்கள். இருக்கும், ஆனால் பல கட்டடங்களில் கரண்ட் பில்லுக்காக அதைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டுமே ஓட்டுகிறார்கள், சில இடங்களில் ஜெனரேட்டர் சோதனை நாளில் மட்டும். உங்கள் வண்டி ஆஃபில் இருந்தாலும், சைலன்சர் உங்கள் பக்கம் பார்த்தபடி பக்கத்து வண்டி ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் ஏசியின் காற்றுத் துளை வழியே அது உள்ளே வரும். தலைவலி வந்தால் கண்ணாடியை இறக்கி அங்கேயே இருக்காதீர்கள், இறங்கி வெளியே போங்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அதனால் தலைவலியோடு வாந்தியோ தடுமாற்றமோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னுது பிஎஸ்6 வண்டி, புகையே தெரியாது. அதுலயும் ஆபத்தா?

புகை தெரியாமல் இருப்பதும் இந்த வாயு இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்6-இன்படி 2020 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் வாயு வெகுவாகக் குறைந்திருப்பது உண்மை. ஆனால் அதைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரி சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, மனைவி பிள்ளைகள் இறங்கி வரும்வரை பேஸ்மென்டில் உட்காருவது எல்லாவற்றிலும் மோசம். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் அதைச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே ஏற்றி நிறுத்திக் காத்திருங்கள்.

கண்ணாடியெல்லாம் மூடிட்டுத் தூங்கினா ஆக்சிஜன் தீர்ந்துடும்னு சொல்றாங்களே?

எஞ்சின் ஆஃபில் இருக்கும் வரை அப்படித் தீராது. சின்னக் காருக்குள் சுமார் 3,000 லிட்டர் காற்று, அதில் 600 லிட்டருக்கு மேல் ஆக்சிஜன். சும்மா இருப்பவர் மணிக்குப் பதினைந்து லிட்டர் போலத்தான் செலவழிப்பார். கார் காற்றுப்புகாத டப்பாவும் அல்ல. காருக்குள் இறந்துகிடந்தார் என்று வரும் செய்திகளில் தேட வேண்டியது ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை, முந்தைய பதில்களில் சொன்ன வாயுவை, அல்லது வெயிலை.

தீராவிட்டாலும் காற்று கெடும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம். முழுக்க மூடிய காரில் ஒருவர் ஒரு மணி நேரம் இருந்தால் அது 0.5 சதவீதத்தை நோக்கி ஏறும். நான்கு பேர் என்றால் அதன் நான்கு மடங்கு. மரணம் இல்லை, மந்தம். எழுந்ததும் தலை பாரம். எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினால் போதும். வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தான் எரிந்தால் உள்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்று அர்த்தம். திறந்தவெளியில் அதை அணைத்து வையுங்கள்.

எலெக்ட்ரிக் கார்ல இந்தப் பிரச்சினை எதுவும் இல்லைதானே?

புகை இல்லை, அதனால் பேஸ்மென்டில் ஏசி போட்டு உட்காரலாம். ஏசி மணிக்கு ஒரு யூனிட் போலத்தான் எடுக்கும். ஆறேழு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். ஆனால் வண்டி ‘ரெடி’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாமல் பாட்டு கேட்டால் பெரிய பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் தீரும், அது தீர்ந்தால் வண்டி எழுந்திருக்காது. ரெடி நிலையில் சத்தமும் இருக்காது என்பதால், மறந்துபோய்ச் செலக்டரைத் தட்டினால் நகர்ந்துவிடும். பார்க்கில் போட்டு ஹேண்ட்பிரேக்கும் போடுங்கள்.

பெங்களூர்ல என்ன பெரிய வெயில்? குழந்தை தூங்குது, அஞ்சு நிமிஷம் கார்லயே விட்டுட்டுப் போகலாமா?

கூடாது. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்று குளுமையாகப் படும், ஆனால் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் வெயில்தான். வெளியே 32 டிகிரி இருந்தால் நிறுத்திய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி போல ஏறும், அரை மணியில் ஐம்பதைத் தொடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவது மூச்சுக்காற்றுக்கு உதவும், இந்தச் சூட்டுக்கு அநேகமாக உதவாது. குழந்தையின் உடம்பு பெரியவரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். குளிர்ந்த ஊர் என்ற பெயரை நம்பாதீர்கள்: 2016 ஏப்ரல் 24 அன்று இங்கே 39.2 டிகிரி பதிவானது.

ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டுக் குழந்தையை விட்டுப் போவதும் தவறு. எஞ்சின் அணையலாம், குழந்தை கியரைத் தட்டலாம், வண்டியையே யாராவது ஓட்டிக்கொண்டு போகலாம். ‘அஞ்சு நிமிஷம்’ என்பது கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் என்றைக்கும் ஐந்து நிமிடமாக இருந்ததில்லை.

அப்போ மரத்தடியில நிறுத்தினா சரியா?

வெயிலுக்குச் சரி. மழைக்கு அல்ல. இந்த ஊர்ச் சாலையோரங்களில் பெரிய நிழல் தருவது தூங்குமூஞ்சி மரமும் குல்மொஹரும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலக் காற்றோடு வரும் மழைக்கு முதலில் கிளை முறிவதும் இவைதான். பெயர் பொருத்தமாக இருக்கிறதே என்று தூங்குமூஞ்சி மரத்தடியில் மத்தியானம் தூங்கலாம். வானம் கறுத்து காற்று எழும்பினால் உடனே நகருங்கள்.

பேஸ்மென்ட்ல இருக்கும்போது பெருமழை பிடிச்சுக்கிட்டா?

சரிவில் தண்ணீர் ஓடிவரத் தொடங்கினால் காரை மறந்துவிட்டுப் படிக்கட்டு வழியாக மேலே போங்கள், லிஃப்ட் வேண்டாம். 2022 செப்டம்பரில் இந்த ஊரில் பல பேஸ்மென்டுகள் மூழ்கின. வெளியே தண்ணீர் அழுத்தினால் கதவைத் தள்ள முடியாது.

ஊருக்குப் போற வழியில ஒரு குட்டித் தூக்கம் போடணும். எப்படிப் போடறது?

ஓசூர் ரோட்டைத் தாண்டி கிருஷ்ணகிரி பக்கம் கண் சொக்கினால் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவதோ முகத்தில் தண்ணீர் அடிப்பதோ சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. தூங்குவது ஒன்றே வழி. நெடுஞ்சாலையின் ஓரக்கோட்டில் நிறுத்தாதீர்கள். பெட்ரோல் பங்க் அல்லது விளக்கு எரியும் பெரிய ஓட்டல் வளாகத்துக்குள் போய், அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

எஞ்சின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் தூங்காமல் பக்கத்து இருக்கைக்கு மாறுங்கள். தூக்கத்தில் கால் பெடலில் படாது, சாய்த்துப் படுக்க ஸ்டியரிங்கும் இடிக்காது. கண்ணாடி மேலே சொன்ன இரண்டு விரல். அலாரம் இருபது நிமிடத்துக்கு. முப்பது, நாற்பது நிமிடம் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழுந்தபின் கொஞ்ச நேரம் கை கால் சொன்னபடி கேட்காது. படுக்கும் முன் ஒரு காபி குடித்துவிட்டால் எழும் நேரத்துக்கு அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எழுந்ததும் இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள்.

நோ பார்க்கிங் இடத்துல நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தா ஃபைன் கிடையாதுதானே?

தவறான நம்பிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-வது பிரிவுதான் இந்தக் குழப்பத்தின் வேர். பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையேல் எஞ்சினை நிறுத்தி வண்டி தானாக நகராதபடி பிரேக் போட்டிருக்க வேண்டும் என்கிறது அது. வண்டி உருண்டு போகாமல் இருக்கச் சொன்ன விதி அது, எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற அனுமதி அல்ல. மற்றவர்களுக்கு ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ நிறுத்தினால் 122-வது பிரிவு தனியாக இருக்கிறது. ஆளை ஏற்றி இறக்கிவிட்டு உடனே நகர்வது வேறு, காத்திருப்பது வேறு.

வாட்ச்மேனோ போலீஸோ வந்து கண்ணாடியைத் தட்டினா?

உள்விளக்கைப் போட்டு, கைகள் தெரியும்படி வைத்து, கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கிப் பேசுங்கள். வாட்ச்மேனிடம் கன்னடத்தில் ‘ஐது நிமிஷா, அஷ்டே’ (ஐந்து நிமிடம், அவ்வளவுதான்) என்று சிரித்தபடி சொன்னால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டி என்றால் கூடுதலாக ஒருமுறை கேட்பார்கள், அதற்குக் கோபப்பட வேண்டியதில்லை. போலீஸ் கேட்டால் டிஜிலாக்கரில் உள்ள லைசென்ஸும் ஆர்சியும் செல்லும்.

ஜோடியா உட்கார்ந்து பேசினா கேஸ் போடுவாங்களா?

உட்கார்ந்து பேசுவது குற்றமல்ல. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-வது பிரிவு, பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும் ஆபாசச் செயலைப் பற்றியது. அதை நீட்டி மிரட்டுகிறவர்கள் உண்டு. பணம் கேட்டால் சலான் கேளுங்கள், அல்லது ஸ்டேஷனுக்கே வருவதாகச் சொல்லுங்கள். ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரை, கட்டி முடிக்காத லேஅவுட் சாலை ஆகியவற்றைத் தவிர்ப்பது போலீஸுக்காக இல்லை, திருடர்களுக்காக.

ரெண்டு பெக் போட்டுட்டு, ஓட்டாம கார்லயே தூங்கினா டிரங்க் அண்ட் டிரைவ் வராதே?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு ஓட்டுவதையும் ஓட்ட முயல்வதையும் சொல்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் இருக்கையில், எஞ்சின் ஓட, ஏசி போட்டுப் படுத்திருப்பவர் ‘நான் முயலவில்லை’ என்று யாரிடம் நிரூபிப்பார்? காருக்குள்ளேயே குடிப்பதும் தப்பிக்கும் வழியல்ல. பொதுச் சாலையில் நிற்கும் சொந்தக் காரும் பொது இடமாகவே கருதப்படலாம் என்று பீகார் மதுவிலக்கு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. இதைவிட, போதையில் தூங்குகிறவருக்குப் பேஸ்மென்ட் பதிலில் சொன்ன தலைவலி தெரியாது, எழுந்து இறங்கவும் தோன்றாது. வாடகைக் காரில் வீட்டுக்குப் போங்கள்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டிட்டா உள்ளே இருக்கறது யாருக்கும் தெரியாதே?

ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடை செய்தது. நிற்கும்போது மட்டும் மாட்டும் வலைத்திரை போதும். ஓட்டும்போது கழற்றி வையுங்கள்.

எங்க டிரைவர் மணிக்கணக்கா கார்லயே காத்திருக்கார். ஏசி போட்டுக்கச் சொல்லலாமா?

திறந்தவெளி பார்க்கிங் என்றால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பெட்ரோல் கணக்கு மேலே இருக்கிறது, அதை அவர் தலையில் போடாதீர்கள். பேஸ்மென்ட் என்றால் ஏசி அல்ல, இடம் கொடுங்கள்: ஒரு பெஞ்ச், குடிதண்ணீர், பூட்டாத கழிப்பறை. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா விஷயங்களிலும் தன் விருப்பம் இல்லாமல் காருக்குள் உட்காருகிறவர் அவர் ஒருவர்தான்.

‘காருக்குள் உட்காரக் கூடாது’ன்னு அசோசியேஷன்ல போர்டு வைக்கலாமா?

‘எஞ்சினை ஓடவிட்டு நிற்கக் கூடாது’ என்று வையுங்கள், அதில் அர்த்தம் இருக்கிறது. உட்காருவதற்குத் தடை போட்டால் ஆட்கள் கேட்டுக்கு வெளியே இருட்டுத் தெருவில் போய் உட்காருவார்கள். போர்டைவிட உருப்படியானவை: கார்பன் மோனாக்சைடு சென்சார் வைத்து அதன்படி ஃபேன் தானாக ஓடும்படி செய்வது, தூண் மறைவுகளில் விளக்கு, மேலே செடிகளுக்கு நடுவே யாரும் வந்து பேச்சுக் கொடுக்காத இரண்டு இருக்கை.

எவ்வளவு நேரம் வரைக்கும் இது சாதாரணம்?

நிமிடக் கணக்கு எதுவும் கிடையாது. இறங்கும்போது கொஞ்சம் லேசாகி இறங்கினால் பத்து நிமிடமோ அரை மணியோ சாதாரணம். ஒவ்வொரு நாளும் நேரம் நீண்டுகொண்டே போகிறது, மேலே போவதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, பல வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் குறைந்திருக்கிறது என்றால் காரை விட்டுவிட்டு மனத்தைக் கவனிக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் அடி உதை பயத்தால் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு 181 உதவி எண்.

ஒருத்தர் கார்ல உட்கார்ந்து அழுதுட்டு இருக்கார். போய்த் தட்டிக் கேட்கணுமா?

எஞ்சின் ஆஃபில், ஆள் நிமிர்ந்து, கண் துடைத்துக்கொண்டிருந்தால் பார்க்காத மாதிரி போய்விடுங்கள். அவர் வேண்டித் தேடிக்கொண்ட இடம் அது. தெரிந்தவர் என்றால் பிறகு ஒரு நாள் டீ குடிக்கக் கூப்பிடுங்கள், இதைப் பற்றிப் பேசாமல்.

மூடிய இடத்தில் எஞ்சின் ஓடுகிறது, கண்ணாடி மூடியிருக்கிறது, தலை தொங்கியிருக்கிறது என்றால் யோசிக்காமல் பலமாகத் தட்டுங்கள். அசைவில்லையென்றால் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள், கதவுகளைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அவரிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் ஓங்கி அடியுங்கள். நடுவில் அடித்தால் எளிதில் உடையாது, முன்கண்ணாடி உடைந்தாலும் உதிராது. எஞ்சினை அணைத்து, அவரைத் திறந்தவெளிக்குத் தூக்கி வந்து, 108-க்குப் போன் செய்யும்போது ‘கார் புகை’ என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள்.